பிளாஸ்டருக்குக் கீழே

என் சட்டைக்குள் புகுந்த தேனீ சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதற்காக நாற்பத்தேழு வயது ஆள் ஒருவன் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, விருத்தாசலம் ஜங்ஷன்வரை கேட்கும்படி அலறினான். அந்த வீரன் நான்தான்.

எங்கள் பீங்கான் பொம்மைப் பட்டறையில் களிமண் குவியலை ஒட்டிய தரையில் பென்சில் நுழையும் அளவுக்கு ஏழு தேனீ ஓட்டைகள் இருந்தன. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளை ஈர ஸ்பாஞ்சால் துடைக்கும் அக்காதான் அவற்றுக்குக் காவல். "கொட்டாதுடா. கூட்டம் கெடையாது, ராணி கெடையாது. ஒவ்வொருத்திக்கும் தனி வூடு" என்பார். டீ நேரத்தில் அங்கேயே குந்தியிருப்பார். தேனீ காலில் மகரந்தத்தை அப்பிக்கொண்டு வந்து உள்ளே உருண்டை பிடிக்கும். அதன்மேல் ஒரு முட்டையிட்டு அறையை அடைக்கும். பிள்ளை முகம் பார்க்காமலே செத்துப்போகும். பிள்ளை மறுவருஷம்வரை இருட்டில் கிடந்து, தானே மண்ணைத் தோண்டி மேலே வரும்.

போன மாசியில், அக்கா லீவில் இருந்த அன்று, அது என் சட்டைக்குள் புகுந்தது. கொட்டவில்லை. ஆனால் கொட்டியிருந்தால்? என் படத்துக்கு மாலை போடுவதுவரை மனசு போய்விட்டது. அச்சு வார்க்கக் கரைத்த பிளாஸ்டர் வாளியில் மிச்சமிருந்தது. ஏழு ஓட்டையிலும் ஊற்றினேன். டீ குடித்துத் திரும்புவதற்குள் கல்லாகிவிட்டது. மகரந்தத்தோடு வந்த ஒன்று, அந்த வெள்ளை வட்டத்தின் மேல் சாயங்காலம்வரை சுற்றிக்கொண்டேயிருந்தது.

மறுநாள் அக்கா திட்டவில்லை. "உள்ள புள்ளைங்க இருக்குதுடா" என்றார்.

"சுரங்கத்துல பொறந்த புள்ளைங்கக்கா. பக்கவாட்டுல நோண்டிக்கிட்டு வந்துடும்" என்று ஜோக்கடித்தேன்.

"வந்துடும் இல்ல?" என்று என் முகத்தையே பார்த்தார்.

ஆடியில் முழங்கால் வலியால் வேலையை விட்டுக் கம்மாபுரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்த மாசி பிறந்ததும் எனக்குச் சுரண்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. பஸ்ஸில் கேட்டது. சோறு பிசையும்போது கேட்டது. ஒரு காலையில் பட்டறைத் தரையில் காதை வைத்துக் குப்புறப் படுத்தேன். முதலாளி ஓடிவந்து, "நெஞ்சு வலியா? ஆட்டோ கூப்டட்டுமா?" என்றார். அவர் போனதும் உளியை எடுத்தேன். ஆறு அடைப்புக்குக் கீழே வெறும் மண். ஏழாவதன் அடியில் ஒரு தேனீ, தலை மேல்நோக்கி, காய்ந்து கிடந்தது. முன்னங்கால்களில் வெள்ளைத் தூள்.

அன்று மாலை அக்கா போன் செய்தார்.

"மாசி பொறந்துடுச்சே, வந்துச்சாடா?"

"வந்துச்சுக்கா."

"எத்தினி?"

"ஒண்ணு."

பொய்யில்லை. பிளாஸ்டர்வரைக்கும் வந்திருந்தது.

"பாரு, நீ சொன்னாப்லயே ஆயிடுச்சு! அடுத்த வருஷம் நெறைய வரும்டா" என்று சிரித்தார். பிறகு முழங்காலுக்குப் புதிதாகக் கொடுத்திருக்கும் தைலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.