தோக்கும் தொக்கும்

ஒருவரோடும் சண்டை போடத் தெரியாத மனிதருக்குப் போர்க்கப்பல் எதற்கு?

குற்றாலலிங்கத்தை அறிந்த எவருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். ஆரியசாலைக் கடைத்தெருவில் அவருக்கு நிலக்கடலை மொத்த வியாபாரம். அந்த ஊர் பேசும் மலையாளத்தில் நிலக்கடலைக்குக் கப்பலண்டி என்று பெயர். அதனால் ஊருக்கு அவர் 'கப்பலண்டி அண்ணாச்சி'. கப்பல் பிற்பாடுதான் வந்தது. கடை வாசலை மறித்து எவனாவது வண்டியை நிறுத்தினால், அவன் டீ குடித்துவிட்டு வரும்வரை ஓரமாக நின்றுகொள்வார். எடை சரியாக நின்ற பிறகும் ஒரு கை அள்ளிப் போட்டால்தான் அவருக்கு மனம் ஆறும். அந்தக் கொசுறை யாரும் கேட்டு வாங்கியதில்லை.

சங்குமுகம் கடற்கரையில் ஒரு மாலை, தூரத்தில் நின்ற போர்க்கப்பலைப் பார்த்துவிட்டு வந்தவர், மாதிரிக் கப்பல் விடும் சங்கத்தில் சேர்ந்தார். மற்றவர்கள் கப்பலுக்கான பாகங்களை வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்தார்கள். இவர் ஃபிளக்ஸ் கடையில் கழித்துப்போட்ட ஃபோம் பலகையை வெட்டி உடல் செய்தார். உடைந்த பொம்மைக் காரிலிருந்து மோட்டாரும் ரிமோட்டும் கிடைத்தன. பவுடர் டப்பாத் தகரம் சுக்கான் ஆயிற்று. பீரங்கிகளுக்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. குடைக்கம்பிகளைக் குழலாக அறுத்து, பிவிசி மூடிகளில் எம்-சீல் அடைத்து, திருகாணி போட்டுப் பொருத்தினார். வரைபடம் சொன்ன அளவுக்கு மேல் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொசுறு. கைப்பழக்கம்.

சங்கத்தில் பேச்சு முழுக்க மலையாளம். துப்பாக்கி அங்கே 'தோக்கு'. கப்பலின் பீரங்கியையும் அப்படியே சொன்னார்கள். அது இவர் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது.

"இன்னைக்குக் கடைசித் தோக்கும் வச்சாச்சு" என்றார் ஒருநாள், பால்கனியில் இருந்தபடி.

"தொக்கா?" மனைவி முத்தாரம்மாள் எட்டிப் பார்த்தாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தோக்கு தெரியாதா என்ன. "அடுக்களையே இல்லாத கப்பல்ல தொக்கு யாரு கிண்டுனா? சண்டை போடுததுக்கு இம்புட்டு வச்சிருக்கீயளே, உள்ள இருக்கவன் என்னத்தத் திம்பான்? கப்பலண்டியா?"

மறுவாரம் மேல்தளத்தில் ஓர் அடுக்களை முளைத்திருந்தது. முத்தாரம்மாள் சிறுவயதில் விளையாடிய பித்தளைச் சாமான்களில் ஒரு பானையையும் உருளியையும் பரணிலிருந்து எடுத்து வந்து நீட்டினாள். "பொங்கித் தின்னட்டும்."

சங்கத்தின் ஆண்டு விழாவில் போர்க்கப்பல்கள் வரிசையாகக் குளத்தைச் சுற்றி வரும். அந்த வரிசையில் போவதற்காகத்தான் இத்தனை பாடும். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு மனைவியோடு குளத்துக்கு வந்தார். வீட்டில் இறக்கிப் பார்க்கும் அளவுக்குத் தொட்டி இல்லாததால், கப்பல் தண்ணீரைத் தொட்டது அன்றுதான். மெல்ல ஒருபக்கம் சாய்ந்து, பாரம் ஏறிய தராசுத் தட்டுபோல் நின்றது.

சங்கச் செயலாளர் விபின் குனிந்து பார்த்தார். "அண்ணாச்சி, மேல வெயிட்டு கூடுதலாக்கும். அடியில கல்லு வச்சா முங்கிப்போகும். ஒண்ணுகில் தோக்கு எடுக்கணும், இல்லெங்கில் அந்த அடுக்களை."

"தோக்க எடுத்தா?"

"பின்ன அது யுத்தக்கப்பல் ஆவுமோ? பாசஞ்சர் போட்டுகளோட விடணும்."

முத்தாரம்மாள் அவசரமாகச் சொன்னாள்: "ஏங்க, அடுக்களைய எடுங்க. நான் கேலிக்குச் சொன்னதுலா அது."

குற்றாலலிங்கம் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பீரங்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துண்டில் வைத்தார். கப்பல் நிமிர்ந்தது. பானையும் உருளியும் வெயிலில் மின்ன, பயணிகள் படகுகளுக்கெல்லாம் பின்னால் அது புறப்பட்டது. அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது, நேராகப் போயிற்று.

திரும்பும்போது ஆட்டோவில் முத்தாரம்மாள் கேட்டாள்: "எதுக்கு இப்பிடிச் செஞ்சீய?"

மடியில் கிடந்த கப்பலை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"முன்னால குழி வருது. உருளிய ஒரு கை பிடிச்சுக்கோ."