புகார் பக்கத்தைப் புதைத்த கதை

ஒரு கிரைண்டர் கம்பெனியின் வெப்சைட்டைப் பெங்களூர் வைட்ஃபீல்டில் இருக்கும் எங்கள் ஆபீஸில் நாங்கள்தான் செய்தோம். முகப்பில் இருந்த புகார் பட்டனை மெனுவுக்குள் மெனுவாகப் புதைக்கச் சொன்னார் மேனேஜர். புதைத்தேன். ஒரு வாரம் கழித்து, "இந்த வாரம் கம்ப்ளைன்டே கம்மி மச்சா, கஸ்டமர் எல்லாம் ஹேப்பி" என்று கேக் வெட்டினார். நானும் தின்றேன்.

அன்று மாலை நான் குடியிருக்கும் நீலசந்திராவில், கீழ்வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் செல்வி அக்கா போனை நீட்டினார். அதே வெப்சைட்.

"கிரைண்டர் நின்னு ஒரு வாரமா யாவாரமே இல்ல தம்பி. புகார் எங்க குடுக்கறதுன்னு தேடித் தேடிப் பாத்துட்டேன். சைட்டு நல்லாதான் கீது, எனக்குத்தான் படிப்பு பத்தல."

பார்க்காமலே தட்டிப் புகார் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன்.

"பாத்தியா, படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்."

மாடியேறினேன். நாங்கள் கேக் வெட்டிக் கொண்டாடிய ஹேப்பி கஸ்டமர்களில் அக்காவும் ஒருவர்.