வளர்ச்சியைக் கை காட்டியவர்

ஒடுகத்தூரில் பஸ்ஸைத் தவறவிட்ட என்னை ஜவ்வாது மலைக்குக் காரில் ஏற்றிக்கொண்டவர், ஒரு சோலார் கம்பெனி அதிகாரி. கசங்காத வெள்ளைச் சட்டை, நிழலிலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. "வளர்ச்சி" என்று சொல்லும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டுவார். நானும் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்தேன். புளியமரம்தான் தெரிந்தது.

மலை வெயிலில் எடுக்கும் சுத்தமான மின்சாரம் சென்னையில் செயற்கை நுண்ணறிவுக் கம்ப்யூட்டர்களுக்குப் போகிறதாம். அவை யோசித்து முடித்ததும் மலை முன்னேறிவிடுமாம்.

கம்பெனி போட்ட ரோட்டில் சாமைக் கதிர் பரப்பிக் கிடந்தது. காரை நிறுத்தினார்.

"என்னம்மா இது, நடுரோட்டுல?"

"கதிரடிக்கிற மிஷினுக்குக் கரண்டு இல்லீங்க சார்," என்றாள் காவலுக்கு நின்ற பெண். "இங்கதான எடுக்கிறீங்க, எங்களுக்கும் கொஞ்சம் வுட்டா இன்னா?"

"அது வேற லைன்மா. உங்களுக்கு வளர்ச்சி வரும்." கை வெளியே நீண்டது.

"வரட்டுங்க. அதுவரிக்கும் கதிரு மேலயே ஏத்தி ஓட்டுங்க. அதுக்குத்தான் போட்டுக்கீறோம்."

ஏற்றினார்.

"ரிவர்ஸ்ல இன்னொருவாட்டி வாங்க சார்!"

மறுக்காமல் வந்தார். மணி நன்றாகவே உதிர்ந்தது.

தங்கமான மனிதர். அவர் கம்பெனி அந்த ஊருக்குக் கொடுத்து நான் பார்த்த ஒரே சக்தி அதுதான். அதுவும் டீசல்.