சனிக்கிழமை மேசையும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா உப்புவெளியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். கடைசித் தங்கை நான். இறந்தவருக்காக அச்சிடும் நினைவு மலர்களில் எல்லோரும் பொறுமையின் இருப்பிடமாகவே இருப்பார்கள். எங்கள் அக்கா அப்படியல்லர். வரிசையில் நிற்காதவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை எழுதாவிட்டால், இந்த மலரை வாங்கும் உறவினர்களாகிய நீங்கள் இது வேறு யாரோ என்று நினைத்துவிடுவீர்கள்.

போரில் வீடு எரிந்தபோது எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் எரிந்தன. அவற்றின் பிரதிகளுக்காக அக்கா அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார். பின்னர் பாடசாலையொன்றில் எழுதுவினைஞரானார். தான் திருமணம் செய்யாமல் எங்கள் நால்வரையும் கரைசேர்த்தார். வீடு எரிந்த நாள்முதல் ஒரு துண்டுக் கடதாசியைக்கூட எறிய விடமாட்டார்.

ஓய்வுபெற்றபின், துறைமுகத்துக்கு அருகே மீனவர் சங்க மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தார். அங்கே மீன் பொதிசெய்யும் பெண்கள் பலர், இடம்பெயர்ந்த பெற்றோருக்குத் தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து, வளர்ந்தபின் இங்கு வந்தவர்கள். இலங்கைக் குடியுரிமைச் சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டையும் இல்லை. சங்கம் மண்டபத்தைத் தந்தது. நகரில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கும் கிண்ணியா ஊர் முஸ்லிம் அண்ணர், எங்கள் நானா, பிரதிகள் எடுத்துக் கொடுத்தார். கன்னியர் மடத்துச் சிஸ்டர் பின்னேரங்களில் பாடம் நடத்தினார். அக்கா விண்ணப்பங்களை நிரப்பினார், இடைக்கிடை ஏசினார்.

வசந்தி அங்குதான் எங்களுக்கு அறிமுகமானார். பகலில் ஐஸும் மீனும், பின்னேரம் கணிதமும் ஆங்கிலமும். பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை எழுத அவருக்கு அடையாள அட்டை தேவைப்பட்டது.

இதில்தான் அக்கா பெரும் பிழை விட்டார். ஒருமுறை எல்லாம் எரிந்ததைக் கண்டவர் அல்லவா? வசந்தி உட்பட எல்லோருடைய இந்தியப் பிறப்புச் சான்றிதழ்களையும் நானாவின் கடையில் லெமினேட் செய்வித்தார். கந்தோரில் அதிகாரி அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்குக்கு மேல எப்பிடியம்மா சீல் குத்துறது? இதை ஏற்க ஏலாது. புதுப் பிரதி எடுத்துக்கொண்டு வாங்கோ."

புதுப் பிரதி கடல் கடந்து வரவேண்டும். வசந்திக்கு அந்த வருடப் பரீட்சை தவறியது.

அக்கா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் ஒவ்வொரு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன்.

"பிழை என்னிலதான். ஏச வேணுமெண்டால் ஏசுங்கோ."

வசந்தி ஏசவில்லை. "இன்னொரு வருசம் படிக்கிறன் அக்கா. கணக்கு எனக்கு இன்னும் சரிவரேல்ல" என்றார்.

நானாவோ அக்காவிடம், "மெஷின் என்ட கடையிலதானே இருக்கு, தங்கச்சி. பாதிப் பிழை எனக்கும் இருக்கு" என்று சொல்லி, தமிழ்நாட்டிலிருந்த தன் வியாபார நண்பருக்குத் தொலைபேசி எடுத்தார். சிஸ்டர் அங்குள்ள மடத்துக்குக் கடிதம் எழுதினார். பிரதிகள் ஒவ்வொன்றாக வரத்தொடங்கின.

அதற்கிடையில் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. கொழும்புக்குப் போகச் சொன்ன மருத்துவரிடம், "இந்த விண்ணப்பங்களை அனுப்பிப்போட்டுப் போறன்" என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வசந்தி குடியுரிமை கிடைத்து, தன் அடையாள அட்டையைக் கொண்டுவந்து காட்டியபோது அக்கா படுக்கையில் இருந்தார். இரு பக்கமும் உற்றுப் பார்த்து, "படம் வடிவாயில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். வசந்தி பரீட்சையும் எழுதி முடித்தார்.

அக்காவைப் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், எங்கள் குசினியில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவருக்கும், இறுதிச் சடங்குக்கு வந்தோர் உட்காரக் கதிரைகளைச் சுமந்துவந்த சங்கத்தாருக்கும், நானாவுக்கும், சிஸ்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வசந்திக்குச் சொல்ல வேண்டிய நன்றி தனி. அக்காவின் உயிர் வீட்டில் பிரிந்தபோது நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவர் அவர்தான். இறப்பைப் பதிய இருவரும் போனோம்.

"சாகேக்க பக்கத்தில இருந்தது ஆர்?" என்று பதிவாளர் கேட்டார்.

"நான்தான் ஐயா" என்றார் வசந்தி.

"அப்ப நீங்கள்தான் கையெழுத்து வைக்கவேணும். அடையாள அட்டை இருக்கோ?"

"ஓம் ஐயா, இருக்கு."