ஏறுற வண்டிக்கு வழி

ஆலங்காயத்திலிருந்து மலைக்கு முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டினேன். ஓய்வு பெற்றதும், ஏறியதும் இறங்கியதும் போதும் என்று காவலூருக்கு அப்பால் ஓர் ஏரிக்கரையில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கோபக்காரன் என்று பெயர். அது பொய்யில்லை. மலைப்பாதையில் ஓட்டுகிறவனுக்கு ஒரே ஒரு வேதம்தான்: ஏறுற வண்டிக்கு வழி. மேலே இருந்து வருகிறவன் ஒதுங்கி நிற்கவேண்டும், கீழே இருந்து முக்கி முனகி ஏறுகிறவன் முதலில் போகவேண்டும். இதை மதிக்காதவர்களிடம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி நான் பேசியதை எல்லாம் எழுத்தில் போட முடியாது. வளைவு வந்தாலே என் கண்டக்டர், பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொள்ளும்படி தாய்மார்களைக் கேட்டுக்கொள்வார்.

எங்களுக்கு ஒரே மகள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. சனி ஞாயிறு ஆனால் கடலுக்குப் போய்விடுவாள். ஒரு பலகையின் நடுவில் கம்பம் நட்டு, அதில் பாய் விரித்து, பாயைக் கையால் பிடித்துக்கொண்டு அலைமேல் ஓடுவது. விண்ட் சர்ஃபிங் என்றாள். நீச்சல் தெரியாத குடும்பத்தில் இப்படி ஒன்று எப்படிப் பிறந்தது என்று என் மனைவி இன்றுவரை ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். அதே கடற்கரையில்தான் மாப்பிள்ளையும் கிடைத்தார். அவருடையது வேறு ஆட்டம். வானத்தில் ஒரு வீட்டுக்கூரை அகலத்துக்குப் பட்டம், அதன் நீளமான கயிறுகள் இடுப்பில், காலில் ஒரு சின்னப் பலகை. பட்டம் இழுக்கும், இவர் சறுக்குவார். கைட் போர்டிங். தை மாதம் கல்யாணம் நடந்தது.

ஆனி முடியும் சமயம் மகள் போன் செய்தாள். "அம்மா, ஆடிக்கு வர்றேன். புதுப்பொண்ணு ஆடியில புருசன் வூட்ல இருக்கக்கூடாதுன்னு நீதான சொன்ன?"

என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாண மேடையில் ஒவ்வொரு சடங்குக்கும் 'இது எதுக்கு, அது எதுக்கு' என்று ஐயரைத் திணறடித்தவள், இப்போது தானாகவே சம்பிரதாயம் பேசுகிறாளே! நான் மட்டும் சந்தோஷப்படவில்லை. ஹாரன் அடிக்காமல் வளைவில் வருகிற வண்டியை நான் நம்புவதில்லை.

வந்தவள் ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. சென்னையிலிருந்து போன் வந்தால் எடுக்கவில்லை. எட்டாம் நாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். கடலில் இரண்டு பேரும் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்களாம். அவருடைய பட்டத்துக் கயிறு இவள் கம்பத்தில் மாட்டி, இவள் தலைகுப்புற விழுந்து, பலகை நசுங்கிப்போயிருக்கிறது.

"அது கூட போவட்டும்பா. நான் தண்ணிய முழுங்கிட்டு மூச்சு வாங்கிக்கினு மேல வர்றேன், அந்த ஆளு பட்டம் கிழிஞ்சிச்சான்னு பாத்துக்கினு கீறான். கேட்டா, தப்பு என்மேலதானாம். ஆவணி பொறந்தாலும் நான் போறதா இல்ல."

கடலைத்தோலை ஊதிவிட்டு எழுந்து போய்விட்டாள். என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் முறத்தைப் பார்த்தேன். இதற்கு முன் அவள் எத்தனையோ கோபித்திருக்கிறாள். சத்தம் போட்டு, கதவைச் சாத்தி, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகிவிடுவாள். இந்தத் தடவை சத்தமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு மாப்பிள்ளையை விருந்துக்கு அழைத்தோம். முதல் நாளே என் மனைவி எனக்குப் பாடம் எடுத்தாள். "புது மாப்பிள்ள. தப்பு யார்மேல வேணா இருக்கட்டும், நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாது. உங்க வாய் பஸ் வாய். வாய மூடிக்கினு சோறு போடுங்க, அது போதும்."

அவர் கார் வந்து நின்றபோது கூரைமேல் இரண்டு உருப்படி கட்டியிருந்தது. ஒன்று அவருடைய பட்டமும் பலகையும். இன்னொன்று மகளின் பாய்ப்பலகை. நசுங்கிய இடத்தை அவரே உட்கார்ந்து அடைத்து, தேய்த்து, வர்ணம் பூசிக் கொண்டுவந்திருந்தார். வர்ணம் கொஞ்சம் மாறித்தான் இருந்தது. மகள் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். நான் ஏதோ பேசவேண்டுமே என்று, "கடல்ல இன்னா ஆச்சுங்க மாப்ள?" என்று கேட்டுவிட்டேன். சமையற்கட்டில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை இலையிலேயே விளக்க ஆரம்பித்தார். வடை என் மகள். வடையில் ஒரு முருங்கைக்காய்த் துண்டைச் செருகினார், அது கம்பம். கூட்டுப் பக்கம் கிடந்த உருளைக்கிழங்கு அவர். அப்பளம் பட்டம். "பாயசம் இருக்கற பக்கத்துலேர்ந்து காத்து அடிக்குதுன்னு வச்சுக்கோங்க மாமா. காத்து வர்ற பக்கத்த நாங்க மேலன்னு சொல்லுவோம், போற பக்கம் கீழ. எனக்கு வலது கை முன்னால இருந்தது. வலது கை முன்னால இருக்கறவனுக்குத்தான் வழி. இது உலகம் பூரா உள்ள சட்டம்."

சாம்பார் வாளியோடு வந்த மகள் அப்படியே குனிந்து, கரண்டிக் காம்பால் வடையை நகர்த்தினாள். "எதிரும் புதிருமா வந்தாதான் அந்தச் சட்டம். நாங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம் போனோம், பின்னாலேர்ந்து வந்தது அந்த ஆளு. எனக்கும் வலது கைதான் முன்னால இருந்திச்சி. அப்ப மேல இருக்கறவன்தான் ஒதுங்கணும், பட்டத்தத் தூக்கிப் புடிக்கணும். அந்த ஆளுகிட்ட சொல்லுப்பா."

இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் நான் சொல்லவேண்டுமாம்.

எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏறுற வண்டிக்கு வழி! மேலே இருக்கிறவன் ஒதுங்க வேண்டும்! ஆலங்காயத்து மலையில் நான் முப்பது வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியது, கடலிலும் சட்டமாக இருந்திருக்கிறது! போதாக்குறைக்கு உருளைக்கிழங்கு பின்னாலிருந்து வடையை ஓவர்டேக் செய்திருக்கிறது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நீங்க என்ன சொல்றீங்க மாமா?" என்றார் மாப்பிள்ளை.

வாசற்படியில் என் மனைவி நின்றாள். அந்தப் பார்வைக்கு லாரியே பின்வாங்கும்.

"சாம்பார் ஊத்தும்மா," என்றேன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு கோழையாக நான் இருந்ததில்லை. மகள் வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மாப்பிள்ளை தம் சாட்சியங்களை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தார்.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஏரிப்பக்கம் காற்று அப்படித்தான் எழுந்தது. கோடை மழையில் ஏரி நிறைந்திருந்தது. மகள் ஒன்றும் சொல்லாமல் தன் பலகையைத் தலைமேல் வைத்துக்கொண்டு கரைக்கு நடந்தாள். ஒட்டுப்போட்ட இடம் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையும் பட்டத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். கூப்பிட்டால் வராதவளோடு இருப்பதற்கு அவருக்கு வேறு வழி தெரிந்திருக்காது.

பட்டம் எழும்பியதும் ஊர் கூடிவிட்டது. சாமை வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் களைக்கொத்தோடு வந்தார்கள். எருமை கழுவிக்கொண்டிருந்தவர் எருமைகளை அவசரமாகக் கரையேற்றினார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காற்று வருகிற பக்கத்துக் கரையில் போய் நின்றேன். நான் ஓய்வு பெற்ற நாளில் என் கண்டக்டர் ஞாபகமாகக் கொடுத்த விசில் ஒன்று சாவிக்கொத்தில் கிடந்தது. ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போகலாம். அதை எதற்குக் கையில் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

கடலில் ஒதுங்க இடம் உண்டு. எங்கள் ஏரி நாலு தென்னந்தோப்பு அகலம். அதில் மகள் காற்றுக்கு எதிராகச் சாய்ந்து, மூச்சைப் பிடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவளுக்கு மேல்பக்கம், பின்னாலிருந்து, அவளைவிட வேகமாக வந்தார். பட்டம் தாழ்ந்து, கயிறுகள் நேராக அவள் கம்பத்தை நோக்கி வந்தன. அதே வடை, அதே அப்பளம்.

ஒரு விசில் அடித்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை. கார் ஓட்டுகிறவருக்கு விசில் என்ன தெரியும்! அடுத்த நொடி என் வாய் எனக்குச் சொந்தமாக இல்லை.

"யோவ்! மேல கீறவன் ஒதுங்குய்யா! ஏறுற வண்டிக்கு வழி வுடுய்யா! கண்ணு இன்னா பொடனியிலயா கீது? சாவுகிராக்கி!"

காற்று என் முதுகிலிருந்து அடித்ததால் ஒரு எழுத்துகூடச் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. ஏரிக்கரையே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். பட்டத்தைத் தூக்க நேரமில்லை என்று தெரிந்திருக்கும். இடுப்பில் இருந்த கொக்கியை இழுத்து, பட்டத்தையே விட்டுவிட்டார். அது மகளின் தலைக்கு மேலே படபடத்துக்கொண்டு போய் எதிர்க்கரைப் புளியமரத்தில் சிக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி டர்ரென்று கிழிந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சத்தத்தில் மிரண்டு தண்ணீரில் விழுந்துவிட்ட என் மகளை நோக்கி நீந்தினார்.

"அடி பட்டுச்சா? அடி ஏதாவது பட்டுச்சா?" என்று இரண்டு தடவை கேட்டது கரைவரை கேட்டது.

இருவரும் சேற்றில் நடந்து கரையேறினார்கள். மாப்பிள்ளை என்னிடம் வந்து, "நீங்க சொன்னது கரெக்ட்தான் மாமா. தப்பு என்னுதுதான்," என்றார். அதற்குள் மகள் குறுக்கே வந்துவிட்டாள்.

"இன்னாப்பா பேச்சு அது? ஊருக்கு முன்னால என் வூட்டுக்காரர யோவ்னுவியா? சாவுகிராக்கியா அவரு? பட்டத்தையே வுட்டுட்டாரு, பாத்தியா இல்லியா? புது மாப்பிள்ளைய பேசற பேச்சா இது?"

"நீதானம்மா அந்த ஆளு, அந்த ஆளுன்னு..."

"நான் சொல்லுவேன். நீ இன்னாத்துக்குச் சொல்ற?"

இதற்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் பதில் இல்லை.

அன்று சாயங்காலமே அவரோடு கிளம்பிவிட்டாள். என் மனைவி வாசலை மறித்துப் பார்த்தாள். "ஆடி முடியலியேடி. இன்னும் ரெண்டு வாரம் கீது, அவர மட்டும் போவச் சொல்லு." மகள் கேட்கவில்லை. அவரை அவமானப்படுத்திய வீட்டில் இனி ஒரு வேளைகூடத் தங்க மாட்டாளாம். மாப்பிள்ளை மட்டும் என் கையைப் பிடித்து, "போய்ட்டு வர்றோம் மாமா," என்றார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வேண்டுமென்றே தானே அப்படிக் கத்தினீர்கள் என்று பிறகு ஊரில் சிலர் என்னைப் பெரிய ராஜதந்திரி ஆக்கினார்கள். ஆமாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது வெறும் பஸ் வாய்.

எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் முதல் வளைவு தெரியும். அங்கே கீழிருந்து ஏறி வருகிற பஸ் எதிர்ப்பட்டது. கார் நின்றது; பின்னால் வந்து ஓரமாக ஒதுங்கியது. மகள் ஜன்னலில் தலையை நீட்டி, இன்னும் பின்னால் போ என்று கையை ஆட்டினாள். அவர் ஏதோ சொன்னார். அவள் அதைவிடச் சத்தமாக ஏதோ சொன்னாள். பஸ் போனபின்னும் அந்தச் சண்டை ஓயவில்லை. பதினெட்டு நாளாக அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் காத்துக்கிடந்தேன். விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினேன்.

பக்கத்தில் என் மனைவி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று போய், பத்தாவது விரலில் நின்று என்னைக் கலவரத்தோடு பார்த்தாள்.

"சித்திரைங்க! இதுக்குத்தான ஆடியில பிரிச்சி வெக்கறது! கத்திரி வெயில்ல பச்சக்கொழந்தைய வெச்சிக்கினு இன்னா பண்றது?"

"இங்க கொண்டாந்துட்டா போச்சு," என்றேன். "காத்துக்கு இன்னா பஞ்சம் நமக்கு?"