தீவு ராக்கனுக்கு ஒரு பங்கு

ராக்கன் வீடு எது என்று எங்கள் ஊரில் கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. 'தீவு ராக்கன்' என்று கேளுங்கள், பால்வாடிப் பிள்ளைகூடச் சிரித்துக்கொண்டே கையைக் காட்டும். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ராக்கன் என் தங்கச்சி செவந்தியின் புருஷன். நான் குழந்தைசாமி, ஜெகதாப்பட்டினத்து ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறவன். வாயைத் திறந்தால் மூட மாட்டான் என்று என்னைப் பற்றி ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும்.

விசைப்படகில் போய்க்கொண்டிருந்த மனுஷன், மகள் ஹரிணியைக் காலேஜில் சேர்க்க வேண்டும் என்று ஏஜென்ட் ஒருத்தன் பேச்சை நம்பி வெளிநாட்டுச் சூரை மீன் கப்பலில் ஏறினான். பசிபிக் கடலில் மாதக்கணக்கில் கரையே காணாத வேலை. ஒருநாள் தூண்டில் முள் உள்ளங்கையில் ஏறிச் சீழ் வைத்து, கை தலையணை மாதிரி வீங்கிவிட்டது. கப்பல்காரன் என்ன செய்தான் தெரியுமா? பக்கத்தில் இருந்த தீவுக்கு ரேடியோவில் சொல்லி, அங்கிருந்து வந்த படகில் இவனை இறக்கிவிட்டுப் போயே போய்விட்டான். பாஸ்போர்ட்டையும் கொடுக்கவில்லை, கட்டையில் போகிறவன்!

டோக்கெலாவ் என்று அந்தத் தீவுக் கூட்டத்துக்குப் பெயர். மேப்பில் தேடினால் ஈ எச்சம் போட்ட மாதிரி மூன்று புள்ளி, அவ்வளவுதான். ஹரிணி செல்போனில் பெரிதாக்கிக் காட்டினாள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பவளப்பாறை வளையம். வளையத்தின் மேல் துண்டு துண்டாக மணல் திட்டு, நடுவில் பச்சைத் தண்ணீர், வெளியே அடி தெரியாத ஆழம். மலை இல்லை, ஆறு இல்லை. தென்னையை விட்டால் அண்ணாந்து பார்க்க ஒன்றும் கிடையாது. மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்க வேண்டும். விமானம் இறங்க இடமில்லை. சமோவாவிலிருந்து கப்பல் வந்தால் உண்டு, அதுவும் பாறைக்கு வெளியேதான் நிற்கும். கையில் ஒரு காகிதமும் இல்லாத ராக்கன் அங்கே அரை வருஷம் மாட்டிக்கொண்டான்.

திரும்பி வந்த புதிதில் அவன் சொன்னதெல்லாம் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. தண்ணீர் வற்றும்போது பன்றிகள் பாறைமேல் நடந்து போய்க் கடலுக்குள் சிப்பியும் அட்டையும் தேடித் தின்னுமாம். அங்கே ஒரு நண்டு தென்னை மரம் ஏறுமாம், தேங்காயை உரித்தே தின்னுமாம். வெள்ளை வெளேர் என்று ஓர் ஆலாப் பறவை, கூடே கட்டாமல் மொட்டைக் கிளைமேல் முட்டை வைக்குமாம். டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், "யோவ் ராக்கா, பன்னி கடல்ல எறங்குன கதையச் சொல்லு" என்பார்கள். அவனும் சளைக்காமல் சொல்வான். அப்படித்தான் பெயரோடு தீவு ஒட்டிக்கொண்டது.

ஆனால் அவன் மனசில் கிடந்தது பன்றியும் இல்லை, நண்டும் இல்லை.

"அங்கிட்டு ஏலம் கெடையாது மச்சான்" என்பான் என்னிடம். "ஊரு சேந்து பிடிச்ச மீன மொத்தமா மணல்ல கொட்டி, வீட்டுக்கு எத்தன பேருன்னு பாத்துப் பங்கு வைப்பாக. கடலுக்குப் போனவன், போகாதவன், புருஷன் இல்லாதவ, படுத்த படுக்கையாக் கெடக்குற கெழவி, எல்லாருக்கும் தலைக்கு ஒரே அளவு. பேரச் சொல்லிக் கூப்புட்டுக் குடுப்பாக. இனாட்டின்னு சொல்றாக அத."

"வேத்தாளு ஒனக்குமா வச்சாய்ங்க?"

"மொத நாளே வச்சாக மச்சான். கைய அசைக்க முடியாமக் கெடக்கேன், எம் பேருக்கு மீனு வருது."

நம்மூர்க்காரன் இல்லையா, அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்றைக்குக் கொடுக்கிறார்கள், நாளைக்குக் கையை விரித்துவிட்டால்? தன் பங்கில் பாதியைக் கீறி, உப்புப் போட்டு, தங்கியிருந்த வீட்டுத் தகரக் கூரைமேல் யாருக்கும் தெரியாமல் கருவாடு போட்டான். நாற்றம் காட்டிக் கொடுத்துவிட்டது. அந்த வீட்டு அம்மாளுக்கு மெலே என்று பெயர். அவள் கருவாட்டைப் பார்த்துவிட்டுப் போய் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் திட்டவில்லை. சைகையிலும் அரைகுறை இங்கிலீஷிலும், "நாளைக்கு உனக்கு வைக்க மாட்டோம் என்று யார் சொன்னது?" என்று கேட்டார்கள். அவர்கள் முகமெல்லாம் வாடிப் போயிருந்ததாம். "நாண்டுக்கிட்டுச் செத்துரலாம்போல இருந்துச்சு மச்சான்" என்று சொல்லும்போதெல்லாம் அவன் குரல் இறங்கிவிடும்.

அவன் ஊர் திரும்பி மறுபடி படகுக்குப் போய்க்கொண்டிருந்த சமயத்தில், கூட்டாளி சந்தனம் போன படகை எல்லை தாண்டியதென்று அக்கரை நேவிக்காரர்கள் கடலில் வைத்தே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சந்தனம் அக்கரை ஜெயிலில். அவன் பெண்டாட்டி பரிமளா ஏலக் கூடத்தில், கூடையிலிருந்து சிந்துகிற மீனைப் பொறுக்கினாள். எத்தனையோ பேர் வீட்டுப் பெண்கள் அப்படிப் பொறுக்குகிறவர்கள்தான். ஆனால் அன்றைக்கு ஏலக்காரன் ஒருத்தன், தரையைக் கழுவுகிற சாக்கில், குனிந்திருந்தவள் மேல் குழாயைத் திருப்பிவிட்டான். ராக்கன் அதைப் பார்த்துவிட்டான்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றான். "ஜெயில்ல இருக்கவுக வீட்டுக்குப் படகுக்கு ஒரு கூடை எறக்கி வைங்க. ஒதவின்னு வைக்காதீங்க, பங்குன்னு வைங்க" என்றான். மூன்று படகுக்கு முதலாளியான ஆண்டிச்சாமி மைக்கைப் பிடுங்கி, "நம்ம புள்ளைகளுக்கு நாம செய்யாம எவன் செய்வான்!" என்று முழங்கினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. நானும் தட்டினேன், மடையன்.

படகுகள் கரை பிடித்தன. சொன்னபடியே கூடைகள் இறங்கின. கூடை நிறையச் சங்காயம். வலையில் அரித்துக்கொண்டு வரும் பொடிசு, நசுங்கல், அழுகல், கோழித் தீவனத்துக்குப் போகிற சாமான். ராக்கன் தரையில் உட்கார்ந்து, அதில் ஆக்கித் தின்கிற மாதிரி நாலு காரப்பொடி மீனாவது தேறுமா என்று இரண்டு கையாலும் துழாவினான். பரிமளா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணே, நான் கோழி இல்லண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதோடு சரி, கூடையும் நின்றது. சந்தனம் விடுதலையாகி வருகிற வரைக்கும், குழம்புக்கென்று தனக்குக் கிடைக்கிற மீனில் பாதியை ராக்கன்தான் பரிமளா வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தான். சந்தனம் வந்து இறங்கிய அன்றைக்கு ராக்கன் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். "இந்த உசுரு இருக்க மட்டும் மறக்க மாட்டேண்ணே" என்றான். என் காதாலேயே கேட்டேன்.

இப்போது ஆண்டிச்சாமி படகில் போன ராக்கனையும் அதே மாதிரி பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வாய்தாமேல் வாய்தா.

நான் அரிசியும் மீனும் வாங்கிக்கொண்டு போனால் செவந்தி அரிசியை வாங்கிக்கொள்வாள், மீனைத் திருப்பி விடுவாள். "நீ குடுத்தா அது அண்ணன் குடுத்தது. அவுக கேட்டது ஊரு வைக்கிற பங்கத்தான்" என்பாள். வீம்பு பிடித்தவள். திங்கள், புதன், சனி படகு போனால், மறுநாள் ராக்கனின் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏலக் கூடத்துக்குப் போய்விடுவாள். நடுக்கூடத்தில் கூடையை வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பாள். வாயைத் திறந்து ஒருவரிடமும் கேட்க மாட்டாள். கூட்டத்தில் எல்லாரும் கைதட்டிச் சரி என்ற விஷயம், மறுபடி எதற்குக் கேட்க வேண்டும் என்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தேன். ஆண்டிச்சாமி வந்து கூடையைப் பார்த்தார்.

"ஏம்மா செவந்தி, ஒம் புருஷனுக்குத்தான் தீவுல பங்கு இருக்கே. பார்சல்ல வரும், இரு."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கையில் கடப்பாறையோடு போனேன். "ஏன்யா, ஒன் படகுக்கு ஒழைச்சுத்தானய்யா அவன் உள்ள கெடக்குறான்! அன்னைக்கு மைக்குல கிழிச்சியே, அந்த வாயி எங்கய்யா போச்சு?"

"கொழந்த, ஐஸு கரையுது பாரு" என்றார், நிதானமாக. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சந்தனம் வந்தான். அன்றைக்கு அவனுக்கு நல்ல மீன்பாடு. தலைமேல் கூடை நிறைய நண்டும் கணவாயும், பின்னால் இன்னும் இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். கொட்ட இடம் தேடினான். செவந்தியைப் பார்த்தான், காலிக் கூடையைப் பார்த்தான். தலைச்சுமையை இறக்கிவிட்டுக் குனிந்தான். செவந்தி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள். வைக்கப் போகிறான் என்றே நானும் நினைத்தேன். பாவிப் பயல், காலிக் கூடையை விளிம்பில் பிடித்துச் சுவரோரமாகத் தள்ளி வைத்தான்.

"வழியில இருக்கு மதனி" என்றான், நிமிராமலே. பிறகு அந்த இடத்தில் தன் மீனைக் கொட்டினான். ஏலம் தொடங்கிவிட்டது.

சாயங்காலம் செவந்தி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கடலில் பிடிபட்டால் நேவிக்காரர்கள் பறித்துக்கொள்வார்கள் என்று ராக்கன் செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவான். அப்பா ஜெயிலில் இருப்பதை ஹரிணி அதில் இருந்த மெலேயின் நம்பருக்கு எழுதியிருந்தாள் போல. பதிலுக்குப் படம் வந்திருந்தது. வெள்ளை மணல், அதன்மேல் பின்னிய தென்னோலை, ஓலையில் முதுகு நீலமாக இரண்டு சூரை. பக்கத்தில் மெலே நிற்கிறாள், சிரிக்கவில்லை.

"இன்னைக்கு அங்க பங்கு வைக்கையில அப்பா பேரையும் கூப்பிட்டாங்களாம்மா" என்று ஹரிணி படித்துச் சொன்னாள். "அப்பா வெளிய வர்ற வரைக்கும் கூப்பிடுவாங்களாம்."

ஏலக் கூடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், போனைக் கையில் வாங்கியதும் உடைந்துவிட்டாள். புறங்கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். செதில் தெரிகிற அளவுக்குப் படத்தைப் பெரிதாக்கினாள். வாசலில் காலிக் கூடை கிடந்தது, அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. போனை என் பக்கம் நீட்டினாள்.

"இத நான் எந்தச் சட்டியில போட்டு ஆக்குறதுண்ணே?"