ஒரு கை கோதுமை மாவு

மலைச் சந்தை இருக்கும் கியா பார்ம் மேட்டிலிருந்து, காய்கறி லோரிகளுக்கு ஒதுங்கியபடி கீழே நடந்துகொண்டிருந்தேன். ரொட்டிக் கடையிலிருந்து என்னை யாரும் போகச் சொல்லவில்லை.

காலையில் தேயிலைத் தோட்டத்து தேவி வந்தாள். கோதுமை அவள் உடம்புக்கு ஆகாது. சந்தையில் வாங்கிய தக்காளியையும் குடைமிளகாயையும் அரிசி மாவு ரொட்டியின் மேல் வைத்துச் சுடச் சொன்னாள். கோதுமை மாவில் ரொட்டி சானாய் போட்டே பழகிய கை எனக்கு. அரிசி மாவு பலகையில் ஒட்டியதும் கை தானாகக் கோதுமை மாவை அள்ளித் தூவிவிட்டது. பார்த்தேன். கடை முன்னால் கூட்டம் காத்து நின்றது. கொஞ்சந்தானே என்று அப்படியே சுட்டுக் கொடுத்தேன்.

மதியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"பழக்கத்துல கோதுமை மாவு தூவிட்டேங்கக்கா," என்றேன் கடைக்கார அக்காவிடம்.

"எத்தன வாட்டி சொன்னேன்? பெரிய ரொட்டி மாஸ்டராம்."

"விடுங்கக்கா. அண்ணன் தெரியாம செஞ்சிட்டாரு. வேலைய விட்டு அனுப்பிடாதீங்கலா," என்றாள் தேவி.

தெரிந்துதான் கொடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா அவளைக் காரில் கிளினிக்குக் கொண்டுபோனதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தேவி திட்டியிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன்.

மறுநாள் காலை, கீழே கோலா தெர்லா ஊரில் ஒரு காய்கறித் தோட்டக்காரர், சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். கோஸ் கூடைகளை லோரியில் ஏற்றச் சொன்னார்.